பழைய படம்தான், ஆனால் யார் போட்ட கையெழுத்து?

போன மாதம் ஒரு தம்பி ஃபோனில் படம் அனுப்பி, "அண்ணே, ஜீன் ஹார்லோ, 1930கள் ஒரிஜினல், கையெழுத்தோட கிடைக்குது, பணம் போட்டுடவா?" என்று கேட்டார். ஹார்லோ 1930களின் ஹாலிவுட் நடிகை. பெரிதாக்கிப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் வாங்கி ஏமாந்த படத்தில் இருப்பது அதே கை, அதே சாய்வு. உடனே கூப்பிட்டு, பணம் போடாதே என்றேன்.

அச்சிலேயே விழுந்த கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் இதெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதை இங்கே எழுதப்போவதில்லை. இப்படிப்பட்ட படங்களை வாங்குவதிலும் வைத்திருப்பதிலும் நாம் செய்யும் மற்ற தவறுகளைத்தான் சொல்கிறேன்.

பழசு என்றால் அசல் என்று நம்புவது

என்னுடையது எட்டுக்குப் பத்து அங்குலப் படம். கைக்கு வந்த அன்று ராத்திரியே விளக்கை அணைத்துவிட்டு யூவி (புற ஊதா) டார்ச் அடித்துப் பார்த்தேன். 1950களுக்குப் பிறகு வந்த ஃபோட்டோ தாள் பெரும்பாலும் நீலமாகப் பளிச்சிடும், இது பளிச்சிடவில்லை. ஓரத்துக் கருப்பில் வெள்ளி பூத்து, சாய்த்துப் பிடித்தால் கண்ணாடி மாதிரி மின்னியது, பழைய பிரிண்டுக்கு அது இயல்பு. மை ஃபவுண்டன் பேனா மைதான், வழுவழுப்பான தாளில் ஊறாமல் அங்கங்கே திரண்டு நின்றது. தாள், மை எல்லாமே நிஜமான 1930கள். எழுதியது மட்டும் ஹார்லோ இல்லை, அவருடைய அம்மா.

அந்தக் காலத்தில் நட்சத்திரங்களுக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வரும். ஸ்டுடியோவில் இருந்தவர்களோ செயலாளரோ வீட்டு ஆட்களோ கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஹார்லோ விஷயம் இன்னும் சிக்கல். அவர் பிறந்தபோது வைத்த பெயர் ஹார்லீன் கார்ப்பென்டர். ஜீன் ஹார்லோ என்பது அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பு இருந்த பெயர், மகள் அதைச் சினிமாவுக்காக எடுத்துக்கொண்டார். ரசிகர்களுக்குப் போன படங்களில் பெரும்பாலானவற்றில் எழுதியது அந்த அம்மாதான். தன்னுடைய பழைய பெயரையே எழுதுகிறவருக்குக் கை தயங்குமா? போலிக் கையெழுத்தில் நாம் தேடும் நடுக்கமோ நிறுத்தி நிறுத்திப் போட்ட கோடோ எதுவும் அதில் இருக்காது. 1937ல் 26 வயதிலேயே ஹார்லோ இறந்துவிட்டதால் அவர் கைப்பட எழுதியது கொஞ்சம்தான், விலையும் எங்கேயோ இருக்கும்.

இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது ஒன்று உண்டு. நான் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கவில்லை! விற்பனைக்கு வந்திருந்த வேறு பத்துப் பன்னிரண்டு ஹார்லோ படங்களைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன், எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. அவையும் அம்மா எழுதியவை, பொருந்தாமல் எப்படி இருக்கும்? ஒப்பிட வேண்டியது செக்கோடும் ஒப்பந்தத்தோடும், அதாவது ஹார்லோவே போட்டால்தான் செல்லும் என்ற இடத்தில் இருக்கும் கையெழுத்தோடு. பெயரை மட்டும் பார்த்தாலும் போதாது, மேலே 'இன்னாருக்கு' என்று எழுதியிருக்கும் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு இது தெரிந்தபோது திருப்பி அனுப்பும் கெடு தாண்டியிருந்தது. "பழைய படம், கையெழுத்து உள்ளது என்றுதானே போட்டிருந்தேன்" என்று விற்றவர் கையை விரித்துவிட்டார். போனது என் மூன்று மாதச் சம்பளம்.

விற்பவரே தரும் சான்றிதழ்

வாயால் சொன்னதையே தாளில் எழுதித் தருகிறார், அவ்வளவுதான்.

பேனாவைக் கவனிக்காதது

அமெரிக்கக் கடைகளுக்கு பால்பாயின்ட் பேனா வந்தது 1945 கடைசியில். மௌனப்பட நடிகர் வாலன்டினோ இறந்தது 1926ல். இந்த இரண்டு வருடங்களும் நினைவில் இருந்தால் நிறையப் படங்களைப் பார்த்த உடனே ஒதுக்கிவிடலாம்.

மங்கிய மை மேல் எழுதுவது

கூடவே கூடாது.

கண்ணாடியோடு ஒட்டி ஃப்ரேம் போடுவது

சென்னை மாதிரி ஊரில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், மழைக்காலத்து ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் மவுன்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். நண்பர் ஒருவர் ஒட்டிப்போன ஃப்ரேமைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். நடிகையின் இடது தோளும் கையெழுத்தின் கடைசி மூன்று எழுத்துகளும் கண்ணாடியிலேயே இருந்தன.