பழங்கால அலமாரியை மாற்றியமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மர அலமாரியைத் தொலைக்காட்சி வைக்கும் பேழையாகவோ, புத்தக அடுக்காகவோ, வேலை மேசையாகவோ மாற்ற விரும்புகிறவர்கள் அவ்வப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். தொடக்க காலத்தில் நான் செய்த தவறுகளையே, ஏறத்தாழ அதே வரிசையில், அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அளவெடுக்காமல் வாங்கிவிட்டு வாசலில் நின்று தவிப்பது போன்றவற்றை நான் இங்கே எழுதவில்லை. அவை ஒருமுறை பட்டாலே புரிந்துவிடும். செய்த அன்று சரியாகவே தோன்றி, மாதங்கள் கழித்துத் தலைகாட்டும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதுகுப்பலகையை வெட்டி எடுத்துவிடுவது

நான் மாற்றியமைத்த முதல் அலமாரியில், மின்கம்பிகளுக்கு வழி வேண்டும் என்பதற்காக முதுகுப்பலகை முழுவதையும் கழற்றினேன். தொலைக்காட்சிக்கு உயரம் போதாததால் நடுவிலிருந்த நிலைத்தட்டையும் அறுத்து எடுத்தேன். மூன்றாம் மாதம் வலக்கதவின் மேல்விளிம்பு இடக்கதவில் உரசத் தொடங்கியது. ஈரக்காற்றில் மரம் உப்பியிருக்கிறது என்று நானே முடிவுசெய்து, உரசிய விளிம்பை இழைப்புளியால் சீவினேன். சில வாரங்களில் மறுபடியும் உரசியது; மறுபடியும் சீவினேன். பூட்டின் நாக்கு தன் துளையைவிட்டு விலகிப்போன பிறகுதான் அலமாரியின் இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து பார்த்தேன். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 14 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. கதவில் எந்தக் குறையும் இல்லை. உடல்தான் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

சாய்வை நிமிர்த்திச் சட்டம் அடித்தபோது, நான் சீவிய இடம் மேலே அகன்றும் கீழே குறுகியும் ஓர் ஆப்பு வடிவ இடைவெளியாகக் கண்ணெதிரே நின்றது. சீவிய மரம் திரும்ப வராது. ஒட்டுத்துண்டு வைத்து மூடினேன். அதன் நிறம் இன்றுவரை பழைய மரத்தோடு சேரவில்லை. சென்ற மாதம் ஒரு புதியவர் கையில் இழைப்புளியோடு கதவைச் சீவ நிற்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம், என் பழைய கோபம்தான்.

கழற்றிப் பூட்டும் வகையில் செய்யப்பட்ட பழைய அலமாரிகள் பலவற்றில் மூலைகள் பசையால் ஒட்டப்பட்டிருப்பதில்லை. ஆப்பும் மரமுளையுமே அவற்றைப் பிடித்திருக்கின்றன. முன்பக்கம் முழுவதும் கதவுகள்தான் என்பதால், அந்தப் பெட்டி பக்கவாட்டில் சாயாமல் காக்கும் பெரும்பொறுப்பு சட்டமிட்ட முதுகின்மேல் விழுகிறது. முதுகைத் தூசு மறைக்கும் மூடி என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

கம்பிகளுக்கு 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று போதும். பெரும்பாலான பிளக்குகள் அதில் நுழைந்துவிடும். அதைச் சட்டத்தில் போடாமல் பலகையின் நடுவில் போட வேண்டும். கருவிகளின் சூடு வெளியேறக் கீழே சில துளைகளும் மேலே சில துளைகளும் இருந்தால், சூடான காற்று தானாகவே மேலேறிப் போய்விடும். முதுகை எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் மூலைவிட்டங்களைச் சமமாக்கி, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டைச் சுற்றிலும் உள்ள சட்டத்தில் திருகாணியால் முடுக்க வேண்டும். கம்பித் துளைகளை அதில் போட்டுக்கொள்ளலாம். கழற்றிய பலகைகளுக்கு எண் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் யாரேனும் அந்த அலமாரியைப் பழையபடி ஆக்க விரும்பலாம்.

பழைய பலகையோடு பிளைவுட்டை ஒட்டுவது

காற்றின் ஈரத்துக்கேற்ப மரப்பலகை தன் குறுக்குவாட்டில் விரிந்து சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. அதனால்தான் பழைய தச்சர்கள் பலகையைக் காடிக்குள், அதாவது சட்டத்தில் வெட்டிய நீள்பள்ளத்துக்குள், பசையின்றி விட்டிருக்கிறார்கள். பிளைவுட்டோடு ஒட்டிவிட்டால் அசைய இடமின்றி அது பிளக்கும்.

வந்ததும் உப்புத்தாள் போடுவது

பழைய மேற்பூச்சு பெரும்பாலும் அரக்கு மெருகாக இருக்கும். கண்ணுக்குப் படாத மூலையில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குதான். அதைச் சுரண்டத் தேவையே இல்லை. மேலே புதிதாக ஓர் அடுக்கு அரக்கு மெருகே பூசினால் பழைய அடுக்கோடு கலந்துவிடும். வண்ணம் பூசிய அலமாரி என்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் அதற்குத் தடை வந்ததே 1978-இல்தான். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஹேங்கருக்காக ஆழத்தைக் கூட்டுவது

சட்டையோடு தொங்கும் ஹேங்கருக்கு 55 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். மடித்து வைக்கவும் முளையில் மாட்டவும் செய்யப்பட்ட அலமாரிகளில் அந்த ஆழம் பெரும்பாலும் இருக்காது. முதுகைப் பின்னுக்குத் தள்ளாமல், கம்பியை முன்பின்னாகப் பொருத்துங்கள். உடைகள் கதவைப் பார்த்தபடி தொங்கும்.

துளையிடாமல் பித்தளைத் திருகாணியை முடுக்குவது

தலை முறிந்து, உடல் உள்ளேயே தங்கும்.

மரத்தூளைக் கவனியாமல் விடுவது

மரத்தில் பூச்சி அரித்த துளைகளின் கீழே வெளிர்நிறத் தூள் புதிதாக உதிர்ந்திருந்தால், பூச்சி இன்னும் உள்ளே இருக்கக்கூடும். மருந்து வைக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

சுவரோடு பிணைக்காமல் நிறுத்துவது

கனமான இரண்டு கதவுகளும் ஒருசேரத் திறக்கும்போது எடை முழுவதும் முன்னால் வருகிறது. மேற்சட்டத்தின் இரு முனைகளிலும் இரும்புப் பட்டை வைத்துச் சுவரில் முடுக்கிய பிறகே பொருள்களை உள்ளே வையுங்கள்.