ஸ்டென்ட் வைத்தவர் சிகரெட்டையும் குடியையும் விடும் முறை

ஸ்டென்ட் (அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து வீடு திரும்பிய பலர் சொல்வது இது: "ஒரு பாக்கெட் பிடித்தவன், இப்போது ஒன்றே ஒன்றுதான்." இதயத்திடம் இந்தக் கணக்கு செல்லாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான முடிவின்படி, தினம் இருபது சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் வந்துவிடுகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யவும், ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கவும் கொஞ்சம் புகையே போதும். புது ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது இன்னொரு மாரடைப்பு. பீடி பிடித்தால் பரவாயில்லை என்பதும் தவறு. அடிக்கடி அணைவதால் அதை விடாமல் இழுக்க வேண்டியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் அந்த அளவுக்கு உள்ளே போகிறது.

ஆகவே குறைத்துக் குறைத்து விடலாம் என்று இருக்காதீர்கள், முழுதாக நிறுத்துங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளையே நிறுத்திய நாளாக வைத்துக்கொள்வது நல்லது. மிகக் கடினமான முதல் இரண்டு மூன்று நாட்கள் வார்டிலேயே கழிந்துவிடும். மாரடைப்புக்குப் பின் புகையை விட்டவர்களுக்கு, தொடர்ந்து பிடிப்பவர்களைவிட இறப்பு ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. நாம் கொடுக்கும் எந்த மாத்திரையின் பலனுக்கும் இது குறைந்ததல்ல.

மனவுறுதி மட்டும் போதாது என்றால் நிக்கோட்டின் சூயிங்கம் கைகொடுக்கும். மாரடைப்பு வந்து இரண்டு வாரம் ஆகாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. தூங்கி எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடியவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. பலரும் இதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று தள்ளிவிட்டு, "பலனில்லை" என்கிறார்கள். மெதுவாக மெல்லுங்கள். வாயில் மிளகுக் காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவையுங்கள். நிக்கோட்டின் அந்த இடத்தில்தான் ரத்தத்தில் ஏறும். காரம் அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒன்று அரை மணி வரும். வேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காபி, டீ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று. பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்ப் பன்னிரண்டாவது வாரத்தில் நிறுத்துங்கள். இலவச ஆலோசனைக்கு 1800-11-2356.

யாரும் எச்சரிக்காத ஒன்று: புகை, காஃபினை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேற்றும். புகையை விட்டதும் அதே இரண்டு டம்ளர் காபி இரு மடங்காக வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மை வரும். பலர் அதை இதயக் கோளாறு என்று பயந்துபோகிறார்கள். காபியைப் பாதியாக்குங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புகையை விட்டதும், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும்.

வேப் எனப்படும் மின்சிகரெட்டில் கார்பன் மோனாக்சைடு இல்லை, உண்மைதான். ஆனால் நிக்கோட்டின் இருக்கிறது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். இந்தியாவில் 2019 முதல் அதன் விற்பனைக்கே தடை என்பதால், கள்ளத்தனமாகக் கிடைப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சிகரெட்டுக்கு மாற்றாக அதை எடுக்காதீர்கள்.

குடியில் நிலைமை வேறு. முதலில் அளவைச் சரியாகக் கணக்கிடுங்கள். 42.8 சதவீதச் சரக்கில் 180 மி.லி. குவார்ட்டர் என்றால் சுமார் 60 கிராம் ஆல்கஹால், அதாவது 10 கிராம் கணக்கில் ஆறு அளவு. கட்டிங் என்றால் மூன்று. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. ஒரு பாட்டில் நான்கு. டாக்டர் கேட்கும்போது "கொஞ்சம்தான்" என்று சொல்லாமல், இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

எப்போதாவது குடிப்பவர் இன்றே நிறுத்தலாம். ஆண்டுக்கணக்காகத் தினமும் குவார்ட்டருக்கு மேல் குடிப்பவர் வீட்டில் தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் இல்லாததைப் பார்த்துப் பிதற்றும் நிலையும் வரலாம். பலவீனமான இதயம் அந்தப் படபடப்பைத் தாங்காது. ஆஸ்பத்திரியில் மருந்தோடு நிறுத்த வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின், அதாவது பி1 வைட்டமின், கொடுக்கச் சொல்லி நினைவூட்டுங்கள். ஸ்டென்டுக்காகச் சேரும்போதே குடிப்பழக்கத்தைச் சொல்லிவிட்டால், மூன்றாம் நாள் நோயாளி ஏன் கட்டிலைவிட்டு எழுந்து ஓடுகிறார் என்று வார்டு திகைக்க வேண்டியிருக்காது.

மருந்தோடு மது சேர்ந்தால்: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் ரத்த அழுத்தத்தை இறக்கும், மதுவும் இறக்கும், இரண்டும் சேர்ந்தால் மயங்கி விழலாம். ஸ்டென்ட் அடைக்காமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளோடு மது சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவு வரலாம். மலம் கன்னங்கரேலென்று போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்காக அந்த ஸ்டென்ட் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.