"ரெண்டு வேளைக்கு செட் போட்டுக் குடுங்ணா"

திருப்பூரில் சனிக்கிழமை இரவு, சம்பளம் வாங்கிய கையோடு மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் கேட்பது இதைத்தான். நோய் பெயர் வராது, மருந்து பெயரும் வராது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. திங்கட்கிழமை காலை மிஷினில் உட்கார்ந்தாக வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போனால் அரை நாள் கூலி போச்சு. மாத்திரை அந்த அரை நாளை மிச்சம் பிடித்துத் தருகிறது. படிக்காதவர்கள் என்று பழி போடுவது சுலபம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் பல வருஷம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இது படிப்பு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

செட் என்பது அட்டையிலிருந்து வெட்டி, பேப்பர் கவரில் போட்ட மூன்று நான்கு மாத்திரை. டைக்ளோஃபினாக் மாதிரி வலிக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. சில கடைகளில் கூடவே சின்னதாக ஒரு ஸ்டீராய்டும் சேரும். அதைப் போட்டால் வலி பறக்கும், பசி எடுக்கும், முகம் பூசினாற்போல் ஆகும். "அந்தக் கடை மருந்து கைகண்டது" என்று பேரும் வந்துவிடும். மாதக்கணக்கில் போனால் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. பிரஷர் சரிந்து ஆள் சுருண்டு விழலாம். அப்போது ஆஸ்பத்திரியில் "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், காட்ட வெறும் கவர்தான் இருக்கும். ஒரே ஒரு மாத்திரை வாங்கினாலும் பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி கேளுங்கள்.

இதோடு தாகமும் சேர்ந்தால் கதையே வேறு. கட்டட வேலையிலும் அயர்ன் டேபிளிலும் வியர்வை ஆறாக ஓடும். பெண்கள் தண்ணீர் குடிக்கத் தயங்குவார்கள். பல இடங்களில் பாத்ரூம் கிடையாது. இருந்தாலும் எழுந்து போக சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். நீர் வற்றிய உடம்பில், ரத்த ஓட்டம் குறையாமல் இருக்க சிறுநீரகம் தன் ரத்தக் குழாய்களை விரித்துச் சமாளிக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்றவை அந்த வழியையே அடைத்துவிடும். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் மோசம். சிறுநீரகத்துக்குப் பாராசிட்டமால் தேவலாம். அதுவும் பெரியவர்களுக்கு 650 மி.கி. என்றால் ஒரு நாளில் ஆறைத் தாண்டக் கூடாது, குடிப்பழக்கம் இருந்தால் அதற்கும் குறைவு. சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதை மறந்துவிடுவோம்.

சர்க்கரைக்காரர்கள் செய்வது வேறு ரகம். சீட்டில் "காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று இருக்கும். ஆறு மணிக்கு, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். டிபன் பத்து மணிக்கு. நடுவில் சர்க்கரை ரொம்ப இறங்கி கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். வெட்டு மிஷின் முன்னால் இது நடந்தால் என்ன ஆகும்? தட்டு முன்னால் வந்த பிறகு மாத்திரையைப் போடுங்கள். நைட் ஷிப்ட் பார்க்கிறவர் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவராகக் கேட்க மாட்டார்.

'சூடு' என்ற சொல் நிறுத்த வைத்த மருந்துகளுக்குக் கணக்கில்லை. டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு, சிவப்பு நிறமாக்கும். மருந்தின் நிறம்தான் அது. "சூடு பிடிச்சிருச்சு" என்று இளநீர் குடிப்பதில் தப்பில்லை, ஆறு மாத மருந்தை இரண்டாம் மாதமே நிறுத்தினால்தான் வினை. அடங்கிய கிருமி திரும்பும், அதே மருந்துக்கு மசியாமலும் போகலாம்.

கடைசியாக, யாரும் சத்தமாகக் கேட்காத ஒன்று: கோயில் நோம்பி, கிரகப்பிரவேசம் என்றால் மாதவிலக்குத் தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரை. டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து. பெரும்பாலும் வீட்டுக்காரரை அனுப்புவார்கள். அந்த அம்மாவுக்கு முன்பு காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டால் அவர் திருதிருவென விழிப்பார். "போன் போட்டுக் குடுங்க, நானே கேட்டுக்கறேன்" என்றால், பாதிப் பேர் "வேண்டாங்ணா" என்று அடுத்த கடைக்கு நடையைக் கட்டிவிடுகிறார்கள்.