மூளை வடிகுழாயில் ஐவி மருந்து: கை தவறும் இடங்கள்

ஐசியூ படுக்கையைச் சுற்றித் தொங்கும் குழாய்களில் எது இரத்தத்துக்குப் போகிறது, எது மூளைக்குள்ளிருந்து வருகிறது என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மூளைக்குள் சேரும் நீரை வெளியே வடிக்கும், ஈவிடி எனப்படும் மூளை வடிகுழாயில் பெரும்பாலும் ஐவி குழாயில் (இரத்தக்குழாய்க்குள் மருந்து போகும் குழாயில்) உள்ள அதே த்ரீ-வே (மூன்று வழித் திருகு), அதே லூயர் முனைதான் (சிரிஞ்ச் மாட்டும் வழக்கமான முனை) இருக்கும், சாதாரண சிரிஞ்சும் கச்சிதமாகப் பொருந்தும். சரியாகப் பொருந்துகிறதே என்று மருந்தைத் தள்ளுவதுதான் முதல் தவறு.

இரத்தம் சுமார் 5 லிட்டர், மூளைத் தண்டுவட நீரோ 150 மில்லிதான். ஐவியில் நீர்த்துப் போகிற மருந்து இங்கே நேரடியாக, செறிவு அவ்வளவாகக் குறையாமல் மூளையைத் தொடுகிறது. வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருந்தில் கலந்திருக்கும் பதப்படுத்திகூட நரம்புத் திசுவைக் கெடுக்கும்.

கழுத்தில் பெரிய இரத்தக்குழாய்க்குள் போட்ட சென்ட்ரல் லைனும் தலையிலிருந்து வரும் ஈவிடியும் ஒரே தலையணையில் பின்னிக் கிடப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம். முடிந்தவரை இரண்டையும் எதிரெதிர்ப் பக்கமாகக் கொண்டுபோங்கள். அப்புறம், சிரிஞ்சை மாட்டும் முன் குழாயை விரலால் வருடிக்கொண்டே தோல் வரை போய்ப் பாருங்கள். தலைக்கட்டில் போய் நின்றால் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இரவு ஷிஃப்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள், நோயாளி விழித்தால் விழிக்கட்டும்.

லேபிளைச் சேகரிப்புப் பையில் மட்டும் ஒட்டிவிட்டு விடுவதில் பெரிய பயன் இல்லை. மருந்து போடுகிறவர் பார்ப்பது போர்ட்டைத்தான் (சிரிஞ்சை மாட்டும் வாய்), லேபிளும் அங்கேதான் இருக்க வேண்டும். தேவையில்லாத போர்ட்டை மூடி வையுங்கள், ஊசி போர்ட்டே இல்லாத செட் கிடைத்தால் இன்னும் நல்லது. லூயர் சிரிஞ்ச் ஏறாத என்ஆர்ஃபிட் இணைப்பு இதற்காகவே வந்தது. அதையும் அடாப்டர் போட்டுப் பொருத்துகிறவர்களை என்ன சொல்ல!

ஸ்கேனுக்கு அனுப்பும்போது இன்னும் கவனம் வேண்டும், கான்ட்ராஸ்ட் (ஸ்கேன் படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போடுகிறவருக்கு நோயாளியும் புதிது, குழாய்களும் புதிது. எந்த லைனில் போட வேண்டும் என்று கையால் தொட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.

சில நேரம் வேன்கோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தை வேண்டுமென்றே ஈவிடி வழியாகக் கொடுப்பார்கள். அது பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை. அந்த சிரிஞ்சை ஐவி மருந்துகளோடு ஒரே ட்ரேயில் வைக்காதீர்கள்.

தவறிப் போய்விட்டதா? உடனே நிறுத்துங்கள். கழுவிவிடலாம் என்று சலைன் தள்ளினால் குழாயில் தங்கிய மருந்தும் உள்ளே போய்விடும். வடிகுழாயையும் உருவிவிடாதீர்கள், மருந்தை வெளியேற்ற அதுவே தேவைப்படலாம். நியூரோசர்ஜனை அந்த நிமிடமே கூப்பிட்டு, என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஆம்பூலையும் சிரிஞ்சையும் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள்.