டிடெக்டிவோட பழைய நண்பன் மேலயே கொலைச் சந்தேகம் வர்ற துப்பறியும் கதையை எப்படி எழுதறது?
முதல்ல கொலைகாரன் யாருன்னு முடிவு பண்ணிட்டு பின்னாலேந்து க்ளூ வைங்க. நண்பனை ஆரம்பத்துலயே கொண்டு வந்துடுங்க, லேட்டா வந்தா படிக்கறவங்களுக்கு அவன் மேல பாசமே வராது. நிஜத்துல தெரிஞ்சவங்க கேஸ்னா டிடெக்டிவ் மேலதிகாரிகிட்ட சொல்லிட்டு ஒதுங்கிடணும், அதனால இவர் ஏன் ஒதுங்கலைங்கறதுக்கு வலுவான காரணம் வேணும், என்னைக் கேட்டா கதையோட உயிரே இதுதான், ஏன்னா நட்பை மறைச்ச நிமிஷத்துலேந்து அவரும் தப்பு பண்ணவர்தான், அவர் எடுக்கற ஆதாரம் கோர்ட்டுல நிக்குமாங்கறதே சந்தேகம். அப்புறம் இறந்த நேரத்தை நிமிஷக் கணக்குல சொல்லாதீங்க, உடம்பு விறைக்கறது சில மணி நேரத்துல ஆரம்பிச்சு சுமார் 12 மணி நேரத்துல முழுசாகும், சூடு குளிரைப் பொறுத்து மாறும், நண்பனோட அலிபியை, அதாவது கொலை நேரத்துல வேற இடத்துல இருந்தேன்னு அவன் சொல்றதை, நேரம் உறுதியா தெரியாத அந்த இடைவெளியில மாட்டி விடுங்க.