ஓத அட்டவணையைப் பார்த்து ஒரு கோடைநாள்: அகேடியாவில் ட்ரெய்லர் தம்பதியருக்கு

தங்கும் வசதியுள்ள ட்ரெய்லரை வண்டியின் பின்னால் இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றும் ஓய்வுபெற்ற தம்பதியர் பலர், ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு நகர்வதிலேயே நாள்களைக் கழித்துவிட்டு, நின்ற இடத்தை நிதானமாகப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், மவுன்ட் டெசர்ட் தீவிலுள்ள அகேடியா தேசியப் பூங்காவில் அவசரமில்லாத ஒரு கோடைநாளை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை இங்கே சொல்கிறேன். முதலில் கையில் இருக்க வேண்டியது அன்றைய ஓத அட்டவணை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல்.

இந்தக் கரையில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே கடல்மட்டம் சுமார் 10 முதல் 12 அடி வரை மாறும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் ஆகும். ஓதம் வரும் நேரமும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே, தாழ் ஓதம் காலை 9 மணியை ஒட்டி வரும் நாளைத் தேர்ந்துகொண்டால், காலையும் பிற்பகலும் தாமாகவே சரியாக அமைந்துவிடும்.

முதல் நாள் மாலையே சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ட்ரெய்லரை வண்டியிலிருந்து கழற்றி நிறுத்திவிடுங்கள். பூங்காவின் 27 மைல் சுற்றுச்சாலையில் உயரம் குறைந்த கல் பாலங்கள் உள்ளன. 466 மீட்டர் உயரமுள்ள கேடிலாக் மலைச்சாலையில் ட்ரெய்லருக்கு அனுமதியே கிடையாது. இழுவை வண்டியைக்கூட முகாமிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஜூன் இறுதி முதல் அக்டோபர் வரை 'ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர்' என்னும் இலவசப் பேருந்து பல முகாம்களையும் பூங்காவின் முக்கிய இடங்களையும் இணைத்து ஓடுவதால், நிறுத்த இடம் தேடி அலையும் தொல்லை இல்லை. அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களும் 62 வயது நிறைந்திருந்தால், 80 டாலருக்கு வாழ்நாள் முழுவதும் செல்லும் மூத்தோர் அனுமதிச்சீட்டை வாங்கிவிடலாம். பூங்காவின் சொந்த முகாம்களில் அது இடக் கட்டணத்தையும் பாதியாகக் குறைக்கும்.

புறப்படும் முன் வாசலுக்கு மேலே விரியும் ஆனிங் துணியைச் சுருட்டிவிட மறக்காதீர்கள். ஒரு ஜூலை மாதம், பகல் முழுவதும் வெயில்தானே என்று நான் அதை விரித்தபடியே விட்டுச் சென்றேன். பிற்பகலில் கடற்காற்று எழுந்தது. நாங்கள் திரும்பியபோது தாங்குகம்பி ஒன்று வளைந்து, துணி ட்ரெய்லரின் கூரைமேல் கிடந்தது. என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல் ஆனிங்கைச் சுருட்டும் வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார்.

எட்டு மணிக்குள் பார் ஹார்பர் ஊரின் பிரிட்ஜ் தெருவை அடைந்துவிட்டால், தெருவின் முடிவில் கடல் விலகிக் கூழாங்கல் பாதை ஒன்று தெரியும். தாழ் ஓதத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும் இந்தப் பாதை வழியாக பார் தீவுக்கு நடந்தே போகலாம். பாசி படிந்த கற்கள் வழுக்கும் என்பதால் ஊன்றுகோலும் நல்ல பிடிப்புள்ள காலணியும் தேவை. ஓரங்களில் தேங்கிய நீரில் நத்தைகளும் சிறு நண்டுகளும் தென்படும். குனிந்து பார்க்க நேரம் ஒதுக்குங்கள். பத்து மணிக்கே திரும்பத் தொடங்குவது நல்லது, ஏனெனில் பாதை மூடிவிட்டால் அடுத்த தாழ் ஓதம் வரை தீவிலேயே காத்திருக்க வேண்டும். அந்தப் பாதையில் காரை நிறுத்தி, அது நீரில் மூழ்குவதைக் கரையிலிருந்து பார்க்க நேர்ந்தவர்களும் உண்டு.

மதிய உணவைக் கையில் கட்டிக்கொண்டு பேருந்தில் சாண்ட் பீச்சில் இறங்கலாம். நடுக்கோடையிலும் அங்கே கடல்நீர் குளிர்ந்து நடுக்கும், ஆகையால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம். அங்கிருந்து பெரும்பாலும் சமதளமான கடலோரப் பாதையில் நடந்தால் தண்டர் ஹோல் என்னும் பாறைப் பிளவு வரும். உயர் ஓதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாக, நம் கணக்கில் பிற்பகல் ஒன்றேகாலிலிருந்து இரண்டேகாலுக்குள், அலை அதனுள் புகுந்து அடைபட்ட காற்றை அழுத்தும்போது இடி முழங்குவது போன்ற ஓசை எழும். கடல் அமைதியாக இருக்கும் நாளில் வெறும் களகளப்புதான் கேட்கும். அதற்காக ஏமாற வேண்டாம்.

மூன்றரை மணியளவில் ஜோர்டன் பாண்ட் உணவகத்தின் புல்வெளியில் அமர்ந்து தேநீர் அருந்துவதே இந்த நாளின் சுகம். பூரிபோல் உப்பி உள்ளே கூடாக இருக்கும் பாப்ஓவர் என்னும் ரொட்டியைச் சூடாக இருக்கும்போதே பிளந்து, வெண்ணெயும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் தடவிச் சாப்பிட வேண்டும். ஆறிவிட்டால் அது அமுங்கிவிடும். எதிரே ஏரிக்கு அப்பால் பபிள்ஸ் எனப்படும் இரட்டைக் குன்றுகள் நிற்கும். இடத்தை முன்பதிவு செய்துகொள்வது நல்லது. கால்கள் ஒத்துழைத்தால், ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் அமைத்த, மோட்டார் வண்டிகள் நுழையாத சரளைச் சாலைகளில் சிறிது தூரம் நடக்கலாம்.

கேடிலாக் உச்சியில் சூரிய உதயம் காண வேண்டுமே என்று பலர் வற்புறுத்துவார்கள். ஜூலைத் தொடக்கத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுவதாலும், காருக்குத் தனியாக முன்பதிவுச் சீட்டு வேண்டியிருப்பதாலும், அதை இந்த நாளோடு சேர்க்காதீர்கள்.

மூடுபனி திடீரென இறங்கும் கரை என்பதால் பையில் ஸ்வெட்டர் இருக்கட்டும். மெய்னில் லைம் என்னும் பாக்டீரியா நோயைக் கடித்துப் பரப்பும் உண்ணிகள் உள்ளன. ஆகவே ட்ரெய்லருக்குத் திரும்பியதும் விளக்கடியில் அமர்ந்து, முழங்காலின் பின்புறத்தையும் காலுறையின் விளிம்பையும் பிடரியையும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துவிட்டு, அதன் பிறகு இரவு உணவுக்கு அடுப்பைப் பற்றவையுங்கள்.