மானிட்டர் மஞ்சளாகத் தெரிகிறதா? கேபிளை ஒருமுறை பாருங்கள்

ஒருநாள் என் மானிட்டரில் வெள்ளையாக இருக்க வேண்டியதெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மானிட்டர் போய்விட்டது என்றே முடிவுகட்டி, புதிதாக என்ன விலை வருகிறது என்று பார்க்கவும் தொடங்கிவிட்டேன். கடைசியில் பார்த்தால் நாற்காலியின் சக்கரம் தினமும் கேபிள் மேல் ஏறி இறங்கி, உள்ளே நீலத்துக்கான கம்பியை மட்டும் அறுத்து வைத்திருக்கிறது.

அதனால் கேபிளை வெட்டிச் சரிசெய்யக் கத்தியை எடுப்பதற்கு முன்னால் கோளாறு கேபிளில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மானிட்டரின் பட்டனை அழுத்தி அதன் சொந்த மெனுவைத் திறங்கள். அந்த மெனுவை வரைவது மானிட்டரே, அது கேபிள் வழியாக வருவதில்லை. மெனுவின் நிறம் சரியாக இருந்து பின்னால் உள்ள படம் மட்டும் நிறம் மாறியிருந்தால், கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டர் பக்கமோ இருக்கிறது. மெனுவும் சேர்ந்து மஞ்சளடித்தால் கேபிளை அறுத்துப் பயனில்லை. வேறொரு கேபிள் கையில் கிடைத்தால் மாட்டிப் பார்த்துவிடுங்கள், பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனிமேல் நான் சொல்வதெல்லாம் விஜிஏ கேபிளுக்கு, அதாவது மூன்று வரிசையில் 15 பின் (ஊசி போன்ற முனை) இருக்கும் நீலத் தலை கேபிளுக்கு. எச்டிஎம்ஐயில் 19 பின், அதிவேக சிக்னல்கள் ஜோடி ஜோடியாக முறுக்கிய கம்பிகளில் போகின்றன. அந்த முறுக்கைப் பிரித்து ஒட்டினால் படம் வந்தாலும் விட்டு விட்டு வரும், பேசாமல் புதிது வாங்கிவிடலாம். கரண்ட் வயர் அறுந்திருந்தாலும் ஒட்டுப்போட வேண்டாம், மாற்றிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் விஜிஏவுக்கும் புதுக் கேபிள்தான் சுலபம். மானிட்டரோடு சேர்த்தே பொருத்தப்பட்ட, கழற்ற முடியாத கேபிள் என்றாலோ, சுவருக்குள் குழாய் வழியாகப் போகும் நீளக் கேபிள் என்றாலோதான் இந்த மெனக்கெடல் நியாயமாகிறது.

விஜிஏ 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த பழைய விஷயம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில், பின் 1, 2, 3 வழியாக வருகின்றன. அதனால் எந்தக் கம்பி போயிற்று என்பதைத் திரையே சொல்லிவிடும். வெள்ளை மஞ்சளானால் நீலம் இல்லை, பச்சை கலந்த நீலமானால் சிவப்பு இல்லை, ஊதா கலந்த ரோஜா நிறமானால் பச்சை இல்லை. 13 அல்லது 14-வது பின்னுக்கான கம்பி போனால் பெரும்பாலும் 'நோ சிக்னல்' தான். படம் நன்றாக வந்தும் ரெசல்யூஷன் மட்டும் ஏற மறுத்தால் 12, 15-வது பின்கள் இரண்டையும் பாருங்கள், மானிட்டர் தன்னைப் பற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த வழியாகத்தான்.

மல்டிமீட்டர், அதாவது வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் கருவி, இருந்தால் இன்னும் வசதி. கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டையும் அணைத்து, கரண்ட் பிளக்கையும் உருவிவிட்டு, கேபிளை மானிட்டர் பக்கம் மாட்டியபடியே விட்டு, கம்ப்யூட்டர் பக்கத்துத் தலையில் 1-க்கும் 6-க்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். 75-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அப்புறம் 2-க்கும் 7-க்கும், 3-க்கும் 8-க்கும் அதே மாதிரி. எனக்கு முதல் இரண்டும் சரியாகக் காட்டின, மூன்றாவதில் மீட்டர் அசையவே இல்லை. அப்படியே கேபிளை ஒவ்வொரு இடமாக லேசாக வளைத்துக்கொண்டே வந்தால், எண் எட்டிப் பார்த்து மறையும் இடத்தில்தான் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அது தலைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அதற்கு முன் தலையையும் ஒரு பார்வை பாருங்கள், பின் வளைந்திருப்பதும் உண்டு. லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் பின் நுழைந்தால் அதை வைத்து மெதுவாக, ஒரே தடவையில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் கையோடு வந்துவிடும். 9-வது பின் இல்லையே என்று பதற வேண்டாம், பல கேபிள்கள் அது இல்லாமல்தான் வருகின்றன.

தலைப் பக்கம் அறுந்திருந்தால் பழைய தலையை ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டு, சால்டர் செய்யும் (உலோகத்தை உருக்கி ஒட்டும்) வகை 15 பின் ஆண் கனெக்டர் ஒன்றையும் அதற்கான மூடியையும் வாங்கிக்கொள்ளுங்கள். மேல் உறையைச் சீவியதும் சிவப்பு, பச்சை, நீலத்தில் மூன்று தடித்த கம்பிகள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் மயிரிழை போன்ற கம்பி, அதைச் சுற்றி வலை. நடுக்கம்பி 1, 2, 3-க்கு, வலை 6, 7, 8-க்கு. மற்ற சின்னக் கம்பிகளின் நிறத்தை நம்பாதீர்கள், கேபிளுக்குக் கேபிள் மாறும். மறுமுனைத் தலையில் மீட்டரை வைத்து எது எந்த எண் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வதே வழி. கேபிள் மானிட்டரோடு சேர்ந்தது என்றால் வெட்டிய பழைய தலையில், அந்த ஐந்து சென்டிமீட்டர் துண்டிலேயே இதைப் பார்த்துவிடலாம், அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, முகப்பக்கம் இருக்கும் வரிசை சால்டர் பக்கம் திருப்பியதும் இடம் வலம் மாறிவிடும். பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்தே வையுங்கள்.

என்னைப் போல நடுவில் அறுந்திருந்தால் கம்பியோடு கம்பியை ஒட்ட வேண்டியதுதான். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டினால் ஒன்றோடொன்று உரசாது, கேபிளும் பாம்பு எலியை விழுங்கினதுபோல் புடைக்காது. ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை, அதாவது சூடு பட்டால் சுருங்கி ஒட்டை இறுக்கி மூடும் குழாயை, சால்டர் செய்வதற்கு முன்பே கம்பியில் கோத்துவிட வேண்டும். நான் அழகாக ஒட்டி முடித்த பிறகு மேஜையில் கிடந்த ட்யூபைப் பார்த்து, எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன். வண்ணக் கம்பிகளின் வலையையும் தனியாக முறுக்கி ஒட்டுங்கள், அதை விட்டுவிட்டால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும்.

சால்டரிங் அயர்ன் 350 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இருந்தால் போதும், ஒரு ஒட்டுக்கு இரண்டு மூன்று நொடிதான். அதற்கு மேல் வைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி நடுக்கம்பி வலையைத் தொட்டுவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள், சால்டரில் ஈயம் கலந்திருக்கலாம்.

மூடுவதற்கு முன்னால் பக்கத்துப் பக்கத்துப் பின்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று மீட்டரில் பாருங்கள். 5, 6, 7, 8, 10 ஒன்றுக்கொன்று பீப் அடித்தால் பயப்பட வேண்டாம், பல கேபிள்களில் அவை சேர்ந்தே இருக்கும். சரி, இப்போது மூடியைப் போட்டு, கேபிள் இழுபடாதபடி அதன் கிளிப்பை இறுக்கி, மாட்டி, கரண்ட் கொடுங்கள். வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்துவைத்துக் கேபிளை லேசாக ஆட்டுங்கள். மஞ்சள் ஒரு நொடி மின்னினாலும் 3-ஐத் திரும்பச் சூடாக்க வேண்டியதுதான்.